கிளிநொச்சியில் இருந்து ரொறன்ரோ: பதினேழு மணித்தியாலம் என்று யாராவது சொன்னால்

பிள்ளைகள் கனடாவில், தாய் தகப்பன் வன்னியில் என்று இருக்கிற வீடுகள் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் அம்மாவுக்கு விசா போடுவார்கள். விசா கிடைத்ததும் அந்த அம்மா கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் பிளேனில் இருக்க வேணும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். பெறாமகன் போனில் தட்டிப் பார்த்து, "பெரியம்மா, கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு பதினாலாயிரம் கிலோமீற்றர், பதினேழு பதினெட்டு மணித்தியாலம்" என்று சொன்னான். அந்த எண்ணை நம்பித்தான் மனதைத் தயார் பண்ணினேன். வீட்டுப் படலையைத் தாண்டியதில் இருந்து மகளின் வீட்டுக்குள் கால் வைக்கும் வரை அதைப் போல பல மடங்கு நேரம் போனது. காசும் போனது. தனியாக ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் இரவு பகல் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அது நடக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள், ஆகையால் இதை விட்டுவிட மனம் வராது. கொழும்பு ஏறக்குறைய 80 பாகை கிழக்கில் இருக்கிறது. ரொறன்ரோ ஏறக்குறைய 80 பாகை மேற்கில். அதாவது உலகத்தின் மற்றப் பக்கம் என்றே சொல்லலாம். வீட்டில் பழைய பூகோளப் பந்து ஒன்று இருந்தால் எடுத்து ஒரு நூலின் ஒரு நுனியைக் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலும் மற்ற நுனியை ரொறன்ரோவிலும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாது. நேரே வடக்கே ஏறும். இந்தியா, ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடக்கு முனை, பிறகு கிரீன்லாந்து, அங்கிருந்து கீழே இறங்கி கனடா. அந்த நூலின் நீளம்தான் இணையம் சொல்கிற 14,000 கிலோமீற்றர். பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் போகும். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குகிற நேரத்துக்கு என்று கொஞ்சம் கூட்டினால் பதினேழு, பதினெட்டு வரும். கணக்கில் பிழை இல்லை. அந்த நூல் மேலே ஒரு விமானமும் பறப்பதில்லை என்பதுதான் விஷயம். கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரில் இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல் இடையில் இறங்காமல் பறக்கிறார்கள், ஆகவே விமானத்தால் முடியாது என்றில்லை. எங்கள் வழியில் அப்படி ஒன்று ஓடவில்லை, அவ்வளவுதான்.

எனவே எங்கேயாவது ஒரு இடத்தில் இறங்கி மாறத்தான் வேண்டும். டுபாய் வழியாகப் போனால் கொழும்பில் இருந்து டுபாய் 3,300, அங்கிருந்து ரொறன்ரோ 11,100, மொத்தம் 14,400 கிலோமீற்றர் அளவில் வரும். லண்டன் வழியாகப் போனால் 8,700, பிறகு 5,700. அதுவும் 14,400 தான். படத்தில் பார்க்கிறபோது இரண்டும் சுற்றுப் பாதை மாதிரித் தெரியும். உண்மையில் நேர் தூரத்தை விட நானூறு கிலோமீற்றர் அளவுதான் கூட, விமானத்துக்கு அது அரை மணித்தியாலம். ஹொங்கொங் போன்ற கிழக்குப் பக்கத்து ஊர் வழியாக ரிக்கெற் போட்டால் 16,500 தாண்டும், மூன்று மணித்தியாலம் கூடப் பறக்க வேண்டும். வயது போனவர்களுக்கு அந்த வழியை எடுக்க வேண்டாம். மற்றப்படி டுபாயா லண்டனா என்று தூரத்தை வைத்துத் தலையை உடைப்பதில் பயனில்லை. பறக்கிற நேரம் இந்த இரண்டு வழியிலும் பத்தொன்பது மணித்தியாலத்தை ஒட்டித்தான் வரும். எங்கள் பயணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிலோமீற்றர் இல்லை. இடையில் எப்படி மாறுகிறோம், எந்த மாதிரியான ரிக்கெற்றில் மாறுகிறோம் என்பதுதான்.

எனக்கு ரிக்கெற் போட்டது எங்கள் பக்கத்து ட்ரவல்ஸ் கடை ஒன்று. மருமகன் அங்கிருந்து போடுகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் ஊரில் கதைத்துப் போட்டால் ஏதும் என்றால் நேரில் போய்க் கேட்கலாம் என்றேன். அது நியாயமான எண்ணம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடையில் இருந்தவர் ஒரு விலை சொன்னார், போக வர 380,000 ரூபா. இதுதான் இப்போதைக்குக் குறைந்த விலை, ஒரே ஒரு இடத்தில்தான் மாறுவீர்கள், இடையில் மூன்றரை மணித்தியாலம் இருக்கிறது, ஆறுதலாக மாறலாம் என்றார். கையில் தாள் தந்தார். ஒரு தாளில் கொழும்பில் இருந்து வளைகுடா வரை, மற்றத் தாளில் வளைகுடாவில் இருந்து ரொறன்ரோ. இரண்டு கொம்பனி. பஸ்ஸில் வவுனியா வரை ஒரு ரிக்கெற், அங்கிருந்து இன்னொரு ரிக்கெற் எடுக்கிறது போல என்று எனக்கு அது இயல்பாகத்தான் தெரிந்தது. அந்த இரண்டு தாளுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதை இங்கேயே விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது. முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றாக இருந்தால் முதல் விமானம் பிந்தி, இரண்டாவதைத் தவறவிட்டால், உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்களின் பொறுப்பு. தனித்தனி ரிக்கெற் என்றால் இரண்டாவது கொம்பனிக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களின் கணக்கில் நீங்கள் வராத ஆள். அதை விட மோசம், போகும் பயணத்துக்கு வராவிட்டால் அதே ரிக்கெற்றில் இருக்கிற திரும்பி வரும் பயணத்தையும் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். ரிக்கெற் இலக்கம் என்று 13 எண்கள் தாளில் இருக்கும். முழுப் பயணமும் ஒரே இலக்கத்தின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வேறு இலக்கம், முதல் மூன்று எண்ணும் வேறு வேறாக இருந்தால், கடைக்காரரிடம் நேரே கேளுங்கள்: "முதல் பிளைட் பிந்தினால் என்னை அங்கால் கொண்டுபோவது ஆர்?" அதற்கு அவர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் காசை எடுத்துக்கொண்டு எழும்பி வாருங்கள்.

இன்னொன்று, திகதி. என் விமானம் நள்ளிரவு தாண்டி 12.50க்கு. தாளில் பன்னிரண்டாம் திகதி என்று போட்டிருந்தது. அது பன்னிரண்டாம் திகதி இரவு இல்லை, பதினோராம் திகதி இரவு வீட்டில் சாப்பிடுகிற நேரத்துக்கே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்க முந்நூறு கிலோமீற்றர் அளவில் வரும். வான் வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலம், இடையில் சாப்பாடு, தேத்தண்ணி. அங்கே மூன்று நான்கு மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கணக்குப் பார்த்தால் பதினோராம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு நாள் பிந்திப் போய் நின்ற கதை எனக்குத் தெரியும் என்பதால் இதில் கவனமாக இருந்தேன். வான் பிடித்து சொந்தக்காரர் எல்லோரும் வழியனுப்ப வந்தார்கள். முறிகண்டியில் இறங்கி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். ஏ9 வீதியில் மாங்குளம், வவுனியா, மதவாச்சி, பிறகு அனுராதபுரம் புத்தளம் வழியாக. நீர்கொழும்புப் பக்கமாக இறங்குவதால் கொழும்புக்குள் போகத் தேவையில்லை, நெரிசலும் குறைவு.

கட்டுநாயக்கவில் அழுது பிரிந்து உள்ளே போனதும்தான் தனிமை என்றால் என்ன என்று விளங்கியது. பெட்டி பாரம் கொடுக்கும் இடத்தில் இருந்த பிள்ளை என் தாள்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். யாருக்கோ போன் எடுத்தார். பெட்டியை ரொறன்ரோ வரைக்கும் போடுகிறேன், ஆனால் இரண்டாவது போர்டிங் காட் என்னால் தரமுடியாது, அங்கே போய் எடுங்கள் என்று கொச்சைத் தமிழில் சொன்னார். பெட்டி முழுவதும் போகிறது என்றதும் மனம் ஆறியது. உண்மையில் இந்த இடத்திலேயே பலருக்குப் பயணம் நின்று போகிறது. தனி ரிக்கெற்றில் பெட்டியை இடை ஊரோடு நிறுத்தினால், அந்த நாட்டுக்குள் இறங்கி பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும், இலங்கைப் பாஸ்போட்டுக்கு அநேகமாக எல்லா இடமும் விசா கேட்கும். விசா இல்லாவிட்டால் இங்கேயே ஏற்ற மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை நல்ல மனதோடு உதவி செய்தார்.

ஏறி உட்கார்ந்த பிறகு விமானம் நகரவில்லை. ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று அறிவித்தார்கள். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலம் போனது, இரண்டு போனது. பக்கத்தில் இருந்தவர் வளைகுடாவில் வேலை செய்கிற புத்தளத்து ஆள். அவரிடம் இரண்டாவது ரிக்கெற்றைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் கிளம்பியது. இறங்கி, ஆட்களைக் கேட்டுக் கேட்டு, ரயில் மாதிரி ஒன்றில் ஏறி மாறி, அந்தக் கொம்பனியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். மேசையில் இருந்தவர் பாஸ்போட்டையும் தாளையும் வாங்கித் தட்டிப் பார்த்தார். இது வேறு ரிக்கெற், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, புது ரிக்கெற் வாங்க வேண்டும் என்று இங்கிலிஷில் சொன்னார். பாஸ்போட்டை வைத்துக்கொண்டு, அங்கே போய் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே போக விசா இல்லை, முன்னால் போக ரிக்கெற் இல்லை, பாஸ்போட் கையில் இல்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவள் நான். அடையாள அட்டையை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு, பேர் கூப்பிடும் வரை இரு என்று சொன்ன அந்தக் காலத்து நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது. சுற்றிவர வெளிச்சமும் கடைகளும் வாசனையுமாக இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் வன்னித் தாய்மார் பலருக்கு இது நடக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன். பிள்ளைகளே, அம்மாவை அனுப்புகிறபோது காசைப் பற்றி மட்டும் யோசிக்காமல் இதையும் யோசியுங்கள். கொஞ்ச நேரத்தில் பாஸ்போட்டைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் பார்க்கத்தான் வாங்கினார்கள். ஆனால் எனக்கு அது அப்போது தெரியாது.

மகளுக்குச் சொல்லவும் பயம். நிறைமாதக்காரி, அங்கே அப்போது இரவு பதினொரு மணி. மருமகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன், எடுபடவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். சில வளைகுடா நாடுகளில் வட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, எழுத்தும் குரல் பதிவும் மட்டும்தான் போகும் என்பது எனக்குத் தெரியாது. அங்கே ஒரு சின்னக் கடையில் நின்ற பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்து, "அம்மா, நீங்க சிலோனா?" என்று கேட்டாள். மட்டக்களப்புப் பிள்ளை. அவள்தான் என் போனில் வைபை போட்டுத் தந்து, "கோல் போகாதும்மா, பேசி அனுப்புங்க" என்று குரல் பதிவு செய்யக் காட்டித் தந்தாள். தேத்தண்ணியும் வாங்கித் தந்தாள், காசு வாங்கவில்லை. மருமகன் இரவு வேலையில் நின்றார். கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது. "மாமி பயப்படாதேங்கோ, நான் பாக்கிறன். அவவுக்கு இப்ப சொல்ல வேண்டாம்." அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தண்ணி இறங்கியது.

அன்றைக்கு இடம் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில்தான் கிடைத்தது. கடைசி நேர விலை, ஒரு வழிக்கு மட்டும் 1,400 கனேடிய டொலர், எங்கள் காசுக்கு மூன்று இலட்சம் அளவில். மருமகன் தன் கிரெடிட் காட்டில் கட்டினார். ஆகவே ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் அந்த மண்டபத்தில். இங்கே எனக்கு உதவியது ஒரே ஒரு விஷயம்: கைப்பையில் ஒரு கிழமைக்கான சீனி வருத்தக் குளிசையும் பிரஷர் குளிசையும், ஒரு மாற்று உடுப்பும், ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தாதிப் பிள்ளை, பெரிய பெட்டிக்குள் மருந்தை வைக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மருந்துச் சீட்டின் பிரதியும் வைத்திருந்தேன். இன்சுலின் போடுகிறவர்கள் நேர வித்தியாசத்துக்கு எப்படி மாற்றிப் போடுவது என்று டொக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். விமான நிலையத்துக் குளிர் எங்கள் ஊர் மார்கழிக் குளிரை விட மோசம்.

அந்த இரண்டாவது விமானம் பதினாலு மணித்தியாலம். இதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள், எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. முன்னால் இருக்கிற திரையில் பிளேன் போகிற பாதையைக் காட்டுகிற படத்தை மட்டும் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேன் மேற்கே போகாமல் வடக்கே ஏறிக்கொண்டே போனது. பிறகு திரையில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று வந்தது. கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறிக் காட்டிய பாதையில் நானே போகிறேன் என்று நினைத்தபோது கண் கலங்கியது. ஜன்னலில் சூரியன் அடிவானத்தில் அப்படியே நின்றது, மணிக்கணக்காக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 60 பாகை அகலக்கோட்டில் பூமி சுற்றுகிற வேகம் மணிக்கு 835 கிலோமீற்றர் அளவில். விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாகப் போகிறபோது சூரியன் நின்றுதான் ஆக வேண்டும். அப்படி நேரம் ஓடாத இடத்தில் பசி, நித்திரை எல்லாம் குழம்பும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நடந்தேன், தண்ணி குடித்தேன். ஓரத்துக் கதிரை கேட்டு வாங்கினால் ஆரையும் எழுப்பாமல் போய் வரலாம். கால் வீங்கும், சப்பாத்தை முதலே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

நேர வித்தியாசத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ரிக்கெற்றில் இருக்கிற நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கட்டுநாயக்கவில் அதிகாலை 3 மணிக்கு ஏறி ரொறன்ரோவில் அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு இறங்குகிறது என்று போட்டிருந்தால் பதின்மூன்று மணித்தியாலம் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். ஆகவே உண்மையில் இருபத்துமூன்றரை மணித்தியாலம். மார்ச் நடுவில் இருந்து நவம்பர் தொடக்கம் வரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைப்பதால் வித்தியாசம் ஒன்பதரை. திரும்பி வரும்போது இது மறுபக்கம் அடிக்கும். திங்கள் இரவு 10 மணிக்கு அங்கே ஏறினால், இடையில் மாறி, புதன்கிழமை காலையில்தான் இங்கே இறங்குவீர்கள். செவ்வாய்க்கிழமை வானை அனுப்பிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்து நின்றவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குச் சொல்லும்போது இலங்கைத் திகதியை மட்டும் சொல்லுங்கள். வருகிற பயணம் கொஞ்சம் விரைவு, மேலே மேற்கில் இருந்து கிழக்கே அடிக்கிற காற்று பின்னால் தள்ளும். ரொறன்ரோவில் இருந்து வளைகுடாவுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று மணித்தியாலத்தில் வந்துவிடும்.

ரொறன்ரோவில் இறங்கினால் என் பெட்டி வரவில்லை. நான் ஒரு விமானத்தில், பெட்டி எங்கேயோ. அந்த மண்டபத்தை விட்டு வெளியே வர முதலே பெட்டி வரவில்லை என்று அங்கே இருக்கிற மேசையில் எழுதிக் கொடுத்து ஒரு இலக்கம் வாங்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் பிறகு கதைப்பது கஷ்டம். பெட்டியில் ஒட்டிய துண்டின் அடிக்கட்டையை போர்டிங் காட்டின் பின்னால் ஒட்டித் தருவார்கள், அதைத் தொலைக்கவே கூடாது. அது இருந்தபடியால்தான் சில நாளில் பெட்டி வீட்டுக்கே வந்தது. உள்ளே மகளுக்கு என்று கொண்டுபோன முல்லைத்தீவுக் கருவாடு, ஒடியல் மா, மிளகாய்த்தூள், பத்தியத்துக்குச் சரக்கு எல்லாம் இருந்தன. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துவிடுவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் தண்டம். இறைச்சிச் சாமான் வேண்டாம். வெளியே மருமகன் தடித்த ஜக்கெற்றோடு நின்றார். மகள் காருக்குள் இருந்தாள். எனக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு அதற்குள் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

திரும்பி வருகிற ரிக்கெற் எதிர்பார்த்தபடியே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ரொறன்ரோவில் இருந்து கொழும்பு வரை ஒரே ரிக்கெற்றாக மருமகன் புதிதாகப் போட்டார், அது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் அளவில். இந்த முறை வீல்செயார் உதவி வேண்டும் என்று ரிக்கெற் போடும்போதே பதிந்துவிட்டார். நடக்க முடிகிற எனக்கு எதற்கு அது என்று முதலில் மறுத்தேன். ஆனால் அது நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் இல்லை. விமானத்தின் கதவில் இருந்து அடுத்த விமானத்தின் கதவு வரை ஒருவர் கூடவே வந்து கொண்டுபோய் விடுவார். பாஷை தெரியாத, முதல் முறை தனியாகப் போகிற அம்மா அப்பா எல்லோருக்கும் இதைக் கட்டாயம் போடுங்கள், காசு கிடையாது. இது எனக்குப் போகும்போதே இருந்திருந்தால், விமானம் தவறியிருந்தாலும், அந்த மேசையில் எனக்காகக் கதைக்க ஒரு ஆள் நின்றிருப்பார்.

ஊருக்கு வந்து அந்தக் கடைக்குப் போனேன். கொம்பனிச் சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே ரிக்கெற் அன்றைக்கு என்ன விலை இருந்தது என்று கேட்டேன். 425,000 என்றார்கள். நாற்பத்தையாயிரம் ரூபா வித்தியாசம். அந்த விலையை முதலில் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். எனக்குக் குறைந்த விலை காட்டி ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த விலையை மறைத்தார்கள். போனது ஐந்து இலட்சத்துக்கு மேல். மருமகன் மாதக்கணக்காக மேலதிக வேலை செய்து கட்டிய காசு. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பாவிக்காத ரிக்கெற்றில் விமான நிலைய வரி என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரியும். ரிக்கெற் இலக்கத்தோடு எழுதிக் கேட்டோம். பல மாதம் கழித்து முப்பதாயிரம் சொச்சம் வந்தது. கேட்காவிட்டால் அதுவும் வந்திருக்காது.

இப்போது ஊரில் பலர் கேட்பது, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்குப் போய் அங்கிருந்து போகலாமே என்று. ஆசையாகத்தான் இருக்கும். கட்டுநாயக்கவுக்கு ஓடுகிற நேரத்தில் கால்வாசியில் பலாலிக்குப் போய்விடலாம், சென்னைக்குப் பறப்பது ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். ஆனால் சென்னை வரை ஒரு ரிக்கெற், அங்கிருந்து இன்னொன்று என்று போட்டால் எனக்கு நடந்த அதே கதைதான், அதோடு இந்திய விசாவும் எடுத்து, இறங்கி, பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். பலாலிக்கு வருவது சின்ன விமானம், பாரமும் குறைவாகத்தான் விடுவார்கள், கனடாவுக்குக் கட்டுகிற இரண்டு பெரிய பெட்டியை அதில் ஏற்றக் காசு தனியாகக் கேட்பார்கள். சென்னையில் சொந்தக்காரர் இருந்து, இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. அன்றைக்கே மாறிப் போக நினைக்கிற, தனியாகப் போகிற அம்மாவுக்கு நான் சொல்வது கட்டுநாயக்கதான். கிளிநொச்சியில் இருந்து ஒரு நாள் முதலே போய் நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் படுத்து எழும்பி, ஒரே ரிக்கெற்றில், இடையில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளியோடு. வீட்டில் இருந்து வீடு வரைக்கும் அதற்கு ஒன்றரை நாள், இரண்டு நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.